பிள்ளையின் காய்ச்சலும் ஆசிரியரின் உடல்நலமும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சில வாரங்களில் பல வீடுகளில் ஒரே புகார் கேட்கும். "பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதிலிருந்து பிள்ளைக்குச் சளி விட்டபாடில்லை" என்பார்கள் தாய்மார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று காரணமும் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதே வகுப்பறையில், அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு இன்னொருவரும் நாள் முழுக்க நிற்கிறார். அவர் ஆசிரியர். அவருக்கு என்ன ஒட்டிக்கொள்ளும் என்று நாம் யோசிப்பதில்லை.

இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் சமுதாயத்தில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, மெட்ரிக் பள்ளியிலோ நர்சரிப் பள்ளியிலோ வேலைக்குச் செல்லும் பெண்கள் இன்று ஏராளம். நம் மகளோ மருமகளோ தங்கையோ அந்த இடத்தில் நிற்கிறாள். மக்தபில் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதும் ஆலிமாவும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஆகவே இதை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளையை அனுப்பும் பெற்றோராக ஒரு பக்கம், ஆசிரியரின் குடும்பத்தாராக மறு பக்கம்.

ஆசிரியருக்கு ஏன் அதிக ஆபத்து?

கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுக்கிறது. நடைமுறையில் பல வகுப்புகளில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள சளி, இருமல், வயிற்றுப்போக்கு எல்லாம் காலை ஒன்பது மணிக்கு ஓர் அறையில் வந்து சேர்கின்றன. பாட ஆசிரியராக இருந்தால் ஒரே நாளில் ஐந்தாறு வகுப்புகளுக்குப் போக வேண்டியிருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு இருமும்போது வாயை மூடத் தெரியாது. மூக்கைத் துடைத்த கையாலேயே டீச்சரின் கையைப் பிடிப்பார்கள். எல்.கே.ஜி. ஆசிரியை மூக்குச் சிந்திவிட வேண்டும், வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டும், அழுதால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வகுப்புகளில் தொடுதல் குறைவு. ஆனால் குளிர்சாதனம் பொருத்தி ஜன்னலைச் சாத்திய அறைகளில், காற்றில் பரவும் கிருமிகள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொரோனா காலத்தில் சுவீடன் நாட்டில் நடந்த ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. 2020 மார்ச்சில் அந்நாடு மேல்நிலைப் பள்ளிகளை மட்டும் இணைய வழிக்கு மாற்றியது. அதற்குக் கீழுள்ள வகுப்புகள் திறந்தே இருந்தன. வீட்டிலிருந்து பாடம் நடத்திய மேல்நிலை ஆசிரியர்களையும், பள்ளிக்கு நேரில் சென்ற கீழ்நிலை ஆசிரியர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். நேரில் சென்றவர்களுக்குத் தொற்று ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும் தொற்று சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. வகுப்பறையில் ஆசிரியருக்கு வரும் நோய் அவரோடு வீட்டுக்கும் போகிறது என்பதற்கு இது போதுமான சான்று. அந்த வீட்டில் சர்க்கரை நோய் உள்ள மாமியாரோ, தடுப்பூசி போடும் வயது வராத கைக்குழந்தையோ இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எந்தெந்த நோய்கள்?

சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் மட்டுமே இருநூறுக்கு மேல் உள்ளன. அதனால்தான் ஒருமுறை வந்தது போதாது என்று திரும்பத் திரும்ப வருகிறது. இது தொல்லைதான், ஆனால் தானாகப் போய்விடும். மெட்ராஸ் ஐ எனப்படும் கண்வலியும் அப்படித்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் சிறு பிள்ளைகளிடம் வேகமாகப் பரவும். பெரியவர்களுக்கும் வரலாம், ஆனால் பொதுவாகக் கடுமையாக இருப்பதில்லை. நாம் கவனமாக இருக்க வேண்டியவை வேறு சில.

சின்னம்மை: பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் லேசாக வந்து போகும். பெரியவர்களுக்கு அப்படி அல்ல. காய்ச்சல் கடுமையாகும், நிமோனியாவும் வரக்கூடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் சின்னம்மை வராமலேயே பெரியவர்களாகிவிடுபவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது பரவத் தொடங்கிவிடும். தொற்றிய பின் 10 முதல் 21 நாட்களுக்குள் வெளிப்படும். ஆகவே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டு மூன்று வாரம் வரை அந்த வகுப்பில் அடுத்தடுத்து வர வாய்ப்புண்டு.

தட்டம்மை: மணல்வாரி என்றும் சொல்வோம். இதைப்போல் வேகமாகப் பரவும் நோய் வேறு அரிது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளிக்கு அருகில் இருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும்.

பொன்னுக்கு வீங்கி: கன்னமும் தாடையும் வீங்கும் இந்த நோய்க்கான தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால், போடாத பிள்ளைகள் நிறைய. பருவம் எய்திய ஆண்களுக்கு வந்தால் விதைப்பையிலும் வீக்கம் ஏற்படலாம். ஆண் ஆசிரியர்கள் இதை அசட்டை செய்யக்கூடாது.

இன்ஃப்ளுயென்சா காய்ச்சல்: சளியைவிடக் கடுமையானது. ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ள ஆசிரியர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம்.

காசநோய்: உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். சிறு பிள்ளைகள் இதைப் பிறருக்குப் பரப்புவது அரிது. வளர்ந்த மாணவர்களும் பெரியவர்களும்தான் பரப்புவார்கள். எனவே ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பாடம் நடத்துபவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் மாணவனைக் கண்டால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். முறையாக மருந்து எடுக்கத் தொடங்கியவரிடமிருந்து பொதுவாகச் சில வாரங்களிலேயே பரவுவது நின்றுவிடும். அதனால் அவரை ஒதுக்கி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கர்ப்பிணி ஆசிரியைகள்

இந்தக் கட்டுரையில் மற்றவை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

ரூபெல்லா என்ற நோய் பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே வந்து போகும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வந்தால் கருவிலுள்ள குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. கருச்சிதைவு ஏற்படலாம். பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். 1941இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர்தான் இதை முதலில் கவனித்தார். அவரிடம் கண்புரையோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது தெரியவந்தது.

சின்னம்மையும் கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. தாய்க்கு நிமோனியா வரலாம். முதல் இருபது வாரங்களில் வந்தால், அரிதாக என்றாலும், குழந்தைக்கும் குறைபாடு ஏற்படலாம். கன்னத்தில் அறைந்தாற்போல் சிவக்கச் செய்யும் பார்வோ வைரஸ் நோயும் கருவுக்குக் கடுமையான இரத்தசோகையை உண்டாக்கக்கூடும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. கன்னம் சிவக்கும்போது பரவும் காலம் முடிந்திருக்கும் என்பதால், பிள்ளையை வீட்டில் நிறுத்தியும் பெரிய பயன் இல்லை. தொடர்பு ஏற்பட்டது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லிக் கண்காணிப்பில் இருப்பதுதான் வழி.

ரூபெல்லாவுக்கும் சின்னம்மைக்கும் தடுப்பூசி உண்டு. ஆனால் அவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யப்படுபவை என்பதால் கர்ப்பக் காலத்தில் போட மாட்டார்கள். போட்ட பின்னும் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஆக, இது கர்ப்பமான பின் யோசிக்கும் காரியமல்ல. திருமணத்துக்கு முன்போ, வேலையில் சேரும் முன்போ முடித்துவிட வேண்டிய காரியம்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. அப்போது வாட்ஸ்அப்பில் எத்தனையோ வதந்திகள் சுற்றின. அதை நம்பிப் பிள்ளைகளை அன்று பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் இருந்தார்கள். நம் சமுதாயத்திலும் இருந்தார்கள். அன்று பதின்மூன்று, பதினைந்து வயதில் இருந்த பெண் பிள்ளைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். பலர் ஆசிரியைகளாகியிருப்பார்கள், பலருக்குத் திருமணம் நடந்திருக்கும், நடக்கவிருக்கும். அன்று போடப்பட்டதா, இல்லையா என்று தாயிடம் கேட்டுப் பாருங்கள். அட்டை இல்லை, நினைவும் இல்லை என்றால் மருத்துவரிடம் சென்று இப்போது போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டிருந்து மீண்டும் போட்டாலும் கெடுதல் இல்லை. மணப்பெண்ணுக்கு நகையும் சேலையும் வாங்கும் பட்டியலில் இந்த ஓர் ஊசியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணி ஆசிரியையின் வகுப்பில் அம்மை, தடிப்பு எது வந்தாலும் அன்றே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவரும் அன்றே தம் மருத்துவரிடம் பேச வேண்டும். இதற்கு முன் சின்னம்மை வந்திராத கர்ப்பிணிக்கு, தொடர்பு ஏற்பட்ட சில நாட்களுக்குள் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு மருந்துகள் உண்டு. நாட்கள் கடந்தால் பயன் குறையும். அதற்கு வழி செய்ய வேண்டிய முதல் ஆள் அந்தப் பிள்ளையின் பெற்றோர். "அம்மை என்று சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள்" என்று மறைத்து, "ஊருக்குப் போயிருந்தோம்" என்று சொல்வது ஒரு சின்னப் பொய்யாகத் தோன்றலாம். அதன் விலையை இன்னொரு வீட்டுக் குழந்தை கொடுக்க நேரலாம்.

ஆசிரியரிடமிருந்தும் பரவும்

நோய் ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மூக்கடைப்பும் சோர்வும் இருந்தன. அலர்ஜி என்று நினைத்து இரண்டு நாள் பள்ளிக்கு வந்தார். பாடம் வாசித்துக் காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றினார். அவர் கொரோனா தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மேசைகள் ஆறடி இடைவெளியில் இருந்தன, ஜன்னல்களும் திறந்திருந்தன. அப்படியிருந்தும் 24 மாணவர்களில் 12 பேருக்குத் தொற்றியது. முதல் இரண்டு வரிசையில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வந்தது.

உடம்பு முடியாதபோதும் ஆசிரியர் ஏன் வருகிறார்? நம் ஊர்ப் பல தனியார் பள்ளிகளில் பதில் எளிது. விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவருக்குப் பதில் வகுப்பெடுக்க ஆள் இல்லை. தேர்வு நேரத்தில் விடுப்புக் கேட்டால் நிர்வாகத்தின் முகம் மாறும். மாதம் சில ஆயிரங்கள் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு ஐந்து நாள் சம்பளம் என்பது வீட்டு மளிகைச் செலவு. ஆகவே நோயோடு வந்தவரைக் குறை சொல்வதற்கு முன், வராமல் இருக்க அவருக்கு வழி வைத்திருக்கிறோமா என்று கேட்க வேண்டும். நம் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளிகள் இதில் முன்மாதிரியாக இருக்கலாம். தொற்று நோய்க்கு மருத்துவச் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு விதியைச் சேர்ப்பது நிர்வாகத்தைக் கவிழ்த்துவிடாது.

மக்தப் உஸ்தாதின் நிலை இன்னும் இறுக்கமானது. அவர் பெரும்பாலும் தனி ஆள். காய்ச்சல் என்றாலும் ஃபஜ்ரு தொழுகைக்கும் மாலை மதரஸாவுக்கும் அவரே வர வேண்டும். பிள்ளைகள் அவர் முன் நெருங்கி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகச் சத்தமாக ஓதுவார்கள். சளியும் காய்ச்சலும் பரவ இதைவிட வசதியான இடம் இல்லை. உஸ்தாத் நோயுற்றால் சில நாள் பொறுப்பேற்க ஒருவரை ஜமாஅத் நிர்வாகம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது அவசியம். அறையில் ஜன்னலைத் திறந்து வைப்பதும், ஓதும் பிள்ளைக்கும் உஸ்தாதுக்கும் நடுவே சற்று இடைவெளி விடுவதும் செலவில்லாத காரியங்கள்.

எப்போது அனுப்பலாம், எப்போது கூடாது?

பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரம். மதியத்துக்குள் காய்ச்சல் திரும்பிவிடும். அதுவரை பிள்ளை வகுப்பில் பரப்பிக்கொண்டிருக்கும். பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவுகள் இவை:

காய்ச்சல்: மருந்து இல்லாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆக வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு: கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம்.

சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை.

தட்டம்மை: தடிப்பு தோன்றியதிலிருந்து குறைந்தது நான்கு நாள்.

பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள்.

கண்வலி: கண்ணில் நீரும் பீளையும் வடிவது நிற்கும் வரை.

ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவனுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தையும் பள்ளிகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். காய்ச்சலோடு வந்து பதக்கம் வாங்கும் பிள்ளையை நாம் கைதட்டிப் பாராட்டுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையும் முன்னால் நின்ற டீச்சரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியவை சில. தட்டம்மை, ரூபெல்லா, பொன்னுக்கு வீங்கி மூன்றுக்கும் சேர்த்த தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். சின்னம்மை வந்ததில்லை என்றால் அதற்கான இரண்டு ஊசிகள் உண்டு. இன்ஃப்ளுயென்சா ஊசி ஆண்டுதோறும் போட வேண்டியது, கர்ப்பிணிகளும் போடலாம். சாப்பிடுவதற்கு முன்பும், பிள்ளையின் மூக்கைத் துடைத்த பின்பும் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். நோட்டைத் திருத்தும்போது விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தை விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கைகழுவிய பிறகே கைக்குழந்தையைத் தூக்குங்கள்.

"தொற்று என்று ஒன்று உண்டா?"

இப்படிப் பேசும்போது நம்மில் சிலர், நோய் அல்லாஹ்வின் நாட்டப்படி வருவது, இதில் தொற்று என்ன, ஒதுங்குவது என்ன என்று கேட்பார்கள். நோய் தன் சுய சக்தியால் தொற்றுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டமின்றி எதுவும் நடக்காது என்பது நம் நம்பிக்கை. அதே நபிமொழித் தொகுப்புகளில்தான் நோயுற்ற ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்ற கட்டளையும், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற கட்டளையும் இருக்கின்றன. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு, வழியில் சர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். திரும்புவது விதியை மறுப்பதாகாது என்பதையும் அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு விளக்கினார்கள். நாட்டம் இறைவனுடையது என்று நம்புவதும், காரணங்களைக் கவனிப்பதும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல. நம் முன்னோரான அறிஞர்கள் இப்படித்தான் விளக்கியிருக்கிறார்கள்.

பிள்ளை நம்முடையது, அதன் நலனுக்காக நாம் ஆசிரியரிடம் எவ்வளவோ எதிர்பார்க்கிறோம். மதிப்பெண் குறைந்தால் போய்க் கேட்கிறோம், அடித்தால் சண்டைக்கு நிற்கிறோம். அந்த ஆசிரியருக்கு நம் பிள்ளையால் தீங்கு வராமல் பார்ப்பது நம் பொறுப்பு. நாளைக் காலை பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பாருங்கள். சுட்டால் சீருடையை மடித்து வைத்துவிட்டு, வகுப்பாசிரியருக்கு ஒரு போன் செய்து என்ன நோய் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.